தேனடை கட் ஃபைல் வைத்து 12 அங்குல ஸ்கிராப்புக் பக்கம்: அளவு முதல் ஒட்டி முடிப்பது வரை

ஸ்கிராப்புக் என்பது படங்களை அலங்கரித்து ஒட்டி, குறிப்பெழுதி வைக்கும் ஆல்பம். கட் ஃபைல் என்பது கட்டிங் மெஷின் படித்து வெட்டும் கோட்டுப்படம். அதைக் கார்ட்ஸ்டாக்கில் (தடித்த தாளில்) வெட்டியதும் கிடைப்பது ஓட்டைகள் நிறைந்த ஒரு சட்டம்தான். அந்த ஓட்டைகளுக்குப் பின்னால் வண்ணத் தாள்களை ஒட்டித் திருப்பிப் பார்க்கும்போதுதான் பக்கத்துக்கு உயிர் வருகிறது. முன்பக்கம் அழகாகத் தெரிய வேண்டுமானால் வேலை பின்பக்கத்தில் சுத்தமாக நடக்க வேண்டும். ஆரம்பத்தில் கெட்டுப்போகும் பக்கங்களில் பெரும்பாலானவை அலங்காரம் சரியில்லாமல் கெடுவதில்லை. சட்டத்தின் அகலத்தையும் பின்தாளின் அளவையும் பொருத்திப் பார்க்காமல் வெட்டியதால் கெடுகின்றன.

இந்த வழிகாட்டி ஒரே ஒரு பக்கத்தை முழுதாகச் செய்து முடிக்கிறது. 12×12 அங்குலப் பக்கம், இடப்புறம் அறுகோணத் தேனடை, வலப்புறம் 4×6 அங்குலப் படம், கீழே தமிழில் தலைப்பு. தேனடையைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. எல்லாம் நேர்கோடு என்பதால் மெஷின் இல்லாதவர்களும் கத்தியும் இரும்பு ஸ்கேலும் வைத்து வெட்டலாம். அறைகள் எல்லாம் ஒரே அளவு என்பதால் பின்தாள்களையும் ஒரே அளவில் வெட்டி அடுக்கலாம். பூ, இறகு, கொடி போன்ற கட் ஃபைல்களில் ஒவ்வொரு ஓட்டைக்கும் தனித்தனியாகக் கோடு வரைந்து வெட்ட வேண்டியிருக்கும். அது இரண்டாவது பக்கத்துக்கு இருக்கட்டும்.

படம்தான் முதலில்

தாள் அழகாக இருக்கிறது என்று வாங்கிவிட்டு அதற்குப் படம் தேடினால் இரண்டும் சண்டை போடும். படத்தை முதலில் மேசையில் வையுங்கள். இங்கே எடுத்துக்கொள்வது, கடற்கரையில் சிவப்புக் கவுன் போட்ட குழந்தை மண்வீடு கட்டும் படம். அதிலிருந்து மூன்று நிறங்களை எடுக்கலாம்: கடலின் சாம்பல் கலந்த நீலம், மணல் நிறம், கவுனின் சிவப்பு. நீலம் அதிகம், மணல் நடுத்தரம், சிவப்பு கொஞ்சம். சிவப்பு குறைவாக இருந்தால்தான் கண் நேராகக் குழந்தையிடம் போகும்.

4×6 அங்குலம் தெளிவாக அச்சாக வேண்டுமானால் 1200×1800 பிக்சல் தேவை. வாட்ஸ்அப்பில் சுற்றி வந்த படத்தில் விவரம் குறைந்திருக்கும். எடுத்தவரிடம் மூலக் கோப்பைக் கேட்டு வாங்குங்கள். தாத்தா பாட்டி காலத்துப் படமாக இருந்து, அதற்கு வேறு பிரதி இல்லையென்றால் அதைப் பக்கத்தில் ஒட்டவே வேண்டாம். ஸ்கேன் செய்து பிரதி எடுத்து அதை ஒட்டுங்கள்.

தேவையான பொருட்கள்

- அடித்தாள்: 12×12 அங்குல வெள்ளைக் கார்ட்ஸ்டாக், 250 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) அளவில், 1
- தேனடைக்கு: வழவழப்பான வெள்ளைக் கார்ட்ஸ்டாக், 200 முதல் 220 ஜிஎஸ்எம், 1 (ஏ4 அளவே போதும்)
- 6×6 அங்குல பேட்டர்ன் பேப்பர் (வடிவம் அச்சிட்ட தாள்): 4 வகை, ஒவ்வொன்றிலும் 1
- படத்தின் பின்தாளுக்குச் சிவப்பு வடிவத் தாள் 4½×6½ அங்குலம், வெள்ளைத் தாள் 4¼×6¼ அங்குலம்
- தலைப்புக்கு அடர்நீலக் கார்ட்ஸ்டாக் ஒரு துண்டு, நிழலுக்கு வெளிர்மணல் நிறத்தில் ஒரு துண்டு
- மெல்லிய மூக்குள்ள திரவப் பசை, இருபக்க ஒட்டும் டேப், 1 மி.மீ. தடிமன் ஃபோம் டேப்
- அலங்காரம்: அச்சிட்டு வெட்டிய காகித உருவங்கள் 6 அல்லது 7, வாஷி டேப் (அலங்காரக் காகித டேப்), பஃபி ஸ்டிக்கர் (உப்பலான ஸ்டிக்கர்), எனாமல் டாட் (பளபளப்பான ஒட்டும் புள்ளி)

அடித்தாள் தடிமனாகவும் தேனடைத் தாள் அதைவிட மெல்லியதாகவும் இருப்பதைக் கவனியுங்கள். 300 ஜிஎஸ்எம் தாளில் நுணுக்கமான சட்டம் வெட்டினால் முனைகளில் கத்தி திரும்பும்போது நார் பிய்யும். 150-க்குக் கீழே போனால் சட்டம் துவண்டுவிடும்.

வாங்கும்போது உறையில் அமிலமற்றது, லிக்னின் அற்றது என்று இருக்கிறதா பாருங்கள். மரக்கூழில் உள்ள லிக்னின்தான் செய்தித்தாளைப் பழுப்பாக்குகிறது. படத்தோடு பல ஆண்டு ஒட்டியிருக்கும் தாளுக்கும் பசைக்கும் தனியாக ஒரு சோதனையே உண்டு. ஐஎஸ்ஓ 18916 என்ற தரத்தில் அது வருகிறது, சுருக்கமாக பி.ஏ.டி. என்பார்கள். அந்தக் குறி இருந்தால் நம்பி வாங்கலாம்.

நான்கு பேட்டர்ன் பேப்பர்களிலும் வடிவத்தின் அளவு மாற வேண்டும். ஒன்றில் பெரிய உருவம், ஒன்றில் நடுத்தரம், ஒன்றில் சிறுபுள்ளி அல்லது மெல்லிய கோடு, ஒன்று கிட்டத்தட்ட வெறும் நிறம். நான்கிலுமே பெரிய பூவாக இருந்தால் இரண்டு அங்குல அறைக்குள் எந்தப் பூவும் பூவாகத் தெரியாது. வெட்டுப்பட்ட இதழ்கள்தான் தெரியும்.

தேனடையை வரைதல்

இலவச மென்பொருளான இங்க்ஸ்கேப்பில் பத்து நிமிட வேலை இது. பலகோணக் கருவியில் மூலை எண்ணிக்கையை 6 ஆக்கி, கூர்முனை மேலே இருக்கும்படி ஓர் அறுகோணம் வரையுங்கள். ஓரக்கோட்டை நீக்கி உள்நிறத்தை மட்டும் வையுங்கள். கோடு இருந்தால் அதன் தடிமனும் அளவில் சேர்ந்து, கணக்கு தப்பும். அகலத்தை 1.875 அங்குலம் ஆக்கினால் உயரம் 2.165 ஆக வர வேண்டும். அப்படி வராவிட்டால் அறுகோணம் சாய்ந்திருக்கிறது. இதுதான் அறை.

அறைகளை வரிசையாக வைக்க வேண்டும். ஒரு வரிசையில் பக்கத்து அறைக்கு 2 அங்குலம் நகர்த்தல். அடுத்த வரிசைக்குக் கீழே 1.732 அங்குலம், பக்கவாட்டில் 1 அங்குலம். வரிசைகள் 3, 2, 3, 2, 3, 2 என ஆறு, மொத்தம் 15 அறைகள். அறைகளுக்கு இடையில் எங்கும் ⅛ அங்குலம், அதாவது 3 மி.மீ.க்குச் சற்று மேல், இடைவெளி நிற்கும். அதுதான் தேனடையின் சுவர்.

வெளிச்சுவருக்கு, எல்லா அறைகளையும் பிரதி எடுத்து, அதே மையங்களில் ஒவ்வொன்றையும் 2.125 அங்குல அகலத்துக்குப் பெரிதாக்கி, யூனியன் (இணைக்கும்) கட்டளையால் ஒன்றாக்குங்கள். அது அடியில் இருக்கட்டும். 15 சிறிய அறைகளையும் ஒரே பாதையாகச் சேர்த்து மேலே வைத்து, மேலுள்ளதை அடியிலிருந்து வெட்டி எடுக்கும் டிஃபரன்ஸ் கட்டளை கொடுத்தால் தேனடை தயார். மொத்த அளவு சுமார் 6⅛ × 11⅛ அங்குலம். 12 அங்குல மேட்டில் (தாளை ஒட்டி மெஷினுக்குள் விடும் பசை விரிப்பு, ‘மேட்’) வெட்டும் மெஷின்கள் பலவற்றில் வெட்டு எல்லை 11½ அங்குலம்தான் என்பதால் இந்த உயரம் அதற்குள் நிற்கிறது. ஏ4 தாளிலும் அடங்கிவிடும்.

சுவரை இன்னும் மெலிதாக்கினால் நளினமாக இருக்கும் என்று தோன்றும். செய்ய வேண்டாம். 1.5 மி.மீ.க்குக் கீழே போனால் மேட்டிலிருந்து எடுக்கும்போதே கிழியும். கிழியாவிட்டாலும் பின்தாள் ஒட்ட இடம் இருக்காது.

சேமிக்கும் வகையையும் கவனியுங்கள். கிரிக்கட் என்ற கட்டிங் மெஷினின் மென்பொருளான டிசைன் ஸ்பேஸ், எஸ்விஜி என்ற வகைக் கோட்டுப்படக் கோப்பை நேராக ஏற்கும். சில்லூவெட் மெஷினின் மென்பொருளான சில்லூவெட் ஸ்டூடியோவின் இலவசப் பதிப்பு எஸ்விஜியைத் திறக்காவிட்டால், டிஎக்ஸ்எஃப் என்ற வகையில் சேமியுங்கள். எந்த மென்பொருளானாலும் உள்ளே கொண்டுவந்ததும் அகலம் 6⅛ அங்குலமாக இருக்கிறதா என்று பாருங்கள். ஓர் அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் என்பதில் மென்பொருள்கள் ஒத்துப்போவதில்லை. சில சமயம் கோட்டுப்படம் முக்கால் அளவுக்குச் சுருங்கி வரும்.

வெட்டுதல்

முதலில் ஒரு மூலையில் அரை அங்குல அறுகோணம் ஒன்றை வெட்டிச் சோதியுங்கள். துண்டு தானாகக் கழன்று வர வேண்டும், மேட்டில் கத்தியின் தடம் லேசாக மட்டுமே தெரிய வேண்டும். தடம் ஆழமாக இருந்தால் அழுத்தத்தைக் குறையுங்கள். துண்டு ஓரத்தில் பிடித்துக்கொண்டிருந்தால் அழுத்தத்தைக் கூட்டுவதற்கு முன் கத்தியைக் கழற்றிப் பாருங்கள். நுனியில் தாள் நார் சிக்கியிருக்கும். அலுமினியத் தாளை உருண்டையாக்கி அதில் கத்தி நுனியைப் பத்து, இருபது முறை குத்தி எடுத்தால் சுத்தமாகிவிடும். பிறகும் பிடித்தால் ஒரே வெட்டில் ஆழமாகப் போகாமல், குறைந்த அழுத்தத்தில் இருமுறை வெட்டுங்கள். வேகத்தைக் குறைத்தால் மூலைகள் கூர்மையாக வரும்.

அறைகள் முதலிலும் வெளிக்கோடு கடைசியிலும் வெட்டப்பட வேண்டும். வெளிக்கோடு முதலில் போனால் தாள் அசைந்து, கடைசி அறைகள் கோணலாகும்.

புது மேட்டின் பசை அளவுக்கு மீறி இருக்கும். சுத்தமான பருத்தித் துணியை இரண்டு மூன்று முறை அழுத்தி எடுத்துவிட்டுத் தாளை ஒட்டுங்கள். வெட்டி முடிந்ததும் தாளைப் பிடித்து இழுக்காதீர்கள், சுருண்டுவிடும். மேட்டைக் கவிழ்த்து மேசையில் வைத்து, தாள் மேசையோடு படிந்திருக்க, மேட்டை வளைத்து உரியுங்கள். தேனடை தட்டையாக வரும். விழுந்த 15 வெள்ளை அறுகோணங்களையும் எறிய வேண்டாம், பின்னால் தேவைப்படும்.

மழைக்காலத்திலும் கடலோர ஊர்களிலும் தாள் ஈரம் குடித்திருக்கும். ஈரத் தாள் வெட்டுப்படாமல் நார் நாராய்ப் பிய்யும். நேற்று சரியாக வெட்டிய அதே அளவுகள் இன்று சொதப்பினால் மெஷினைச் சந்தேகிக்கும் முன் தாளைச் சந்தேகியுங்கள். கார்ட்ஸ்டாக்கை மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு படுக்கையாக வைப்பது நல்லது.

மெஷின் இல்லையென்றால் தேனடையைத் தாளின் பின்பக்கத்தில் வெளிர்சாம்பல் கோட்டில் அச்சிட்டு, கட்டிங் போர்டு மேல் வைத்து வெட்டுங்கள். ஓர் அறைக்கு ஆறு வெட்டு, மொத்தம் 90. ஒவ்வொரு வெட்டையும் மூலையில் குத்தித் தொடங்கி அடுத்த மூலைக்குச் சற்று முன் நிறுத்தி, எதிர்மூலையிலிருந்து வந்து சேருங்கள். மூலையைத் தாண்டி வெட்டினால் சுவர் அறும். பிளேடை முப்பது வெட்டுக்கு ஒருமுறையாவது மாற்றுங்கள்.

பின்தாள் ஒட்டுதல்

பக்கம் தேறுவதும் தேறாததும் இங்கேதான். ஒரு சுவரை இரண்டு அறைகள் பங்குபோடுகின்றன. எனவே ஒவ்வொரு பின்தாளும் சுவரின் பாதிக்கு மேல், அதாவது 1½ மி.மீ.க்கு மேல், ஏறக் கூடாது. ஏறினால் பக்கத்துத் தாளோடு மேலேறி, முன்பக்கம் சுவர் மேடாகப் புடைக்கும். பின்தாள் அறுகோணத்தின் அகலம் 1.95 அங்குலம் இருந்தால் இரு பக்கமும் சுவரில் ஒரு மி.மீ. போலப் பிடிக்கும், பக்கத்துத் தாளைத் தொடாது. 6×6 தாளில் இப்படி ஐந்து அறுகோணங்கள் எளிதாகக் கிடைக்கும்.

பதினைந்து அறையையும் நிரப்ப வேண்டாம். பத்தை நிரப்பி ஐந்தைக் காலியாக விடுங்கள். காலி அறைகள் பெரும்பாலும் இட ஓரத்திலும் கீழ்க்கோடியிலும் இருக்கட்டும். படத்துக்கு அருகில் அடர்த்தியாகத் தொடங்கி, தள்ளிப் போகப் போகத் தேனடை வெள்ளையில் கரைவதுபோல் தெரியும். ஒரே தாள் பக்கத்துப் பக்கத்து அறைகளில் வர வேண்டாம். சிவப்புத் தாள் இரண்டே அறைகளுக்குப் போதும், அவையும் தள்ளித் தள்ளி.

ஒட்டுவதற்கு முன் எல்லாவற்றையும் முன்பக்கத்திலிருந்து அடுக்கிப் பார்த்து, போனில் ஒரு படம் எடுங்கள். அந்தப் படத்தை இடவலமாகத் திருப்பி வைத்துக்கொள்ளுங்கள். தேனடையைக் கவிழ்த்ததும் எல்லா இடமும் மாறிவிடும் என்பதால் ஒட்டும்போது பார்க்க வேண்டியது திருப்பிய படத்தைத்தான். படகு, எழுத்து போல மேல்கீழ் உள்ள வடிவமாக இருந்தால் ஒவ்வொரு அறுகோணத்தின் முதுகிலும் பென்சிலால் மேல்நோக்கி ஓர் அம்புக்குறி போடுங்கள்.

பசையைச் சுவரில் வையுங்கள், பேட்டர்ன் பேப்பரில் வேண்டாம். அறையைச் சுற்றி, ஒரு மூலைக்கு ஒன்றும் ஒரு பக்கத்துக்கு ஒன்றுமாகக் கடுகளவு புள்ளிகள் பன்னிரண்டு போதும். வடிவம் கீழ்நோக்கி இருக்கும்படி வைத்து அழுத்துங்கள். கோடாகப் பசை இழுத்தால் அழுத்தியதும் ஓரத்தில் பிதுங்கி, முன்பக்கம் பளபளவென்று நிற்கும், துடைத்தாலும் போகாது. நீர் அதிகமுள்ள வெள்ளைப் பசையில் தாள் அலைபாயும். பத்தும் ஒட்டியதும் பட்டர் பேப்பர் வைத்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்கி அரை மணி நேரம் விடுங்கள்.

பக்கத்தில் ஏற்றுதல்

அடித்தாளில் பென்சிலால் மெல்லிய குறி வையுங்கள்: தேனடை இட ஓரத்திலிருந்து ½ அங்குலம், மேலிருந்து சற்றுக் குறைவாக ½ அங்குலம். படத்தின் பின்தாள் இட ஓரத்திலிருந்து 6 அங்குலத்தில் தொடங்கி, மேலிருந்து 1¼ அங்குலத்தில் நிற்கும். அப்போது அது தேனடையின் வல ஓரத்தை ½ அங்குலத்துக்குச் சற்று மேல் மறைக்கும். மறைத்தே ஆக வேண்டும். படமும் தேனடையும் தொடாமல் நின்றால் ஒரே பக்கத்தில் இரண்டு பக்கங்கள் இருப்பதுபோல் தெரியும்.

தேனடை முழுவதையும் தட்டையாக ஒட்டுங்கள். நிரப்பிய அறைகளின் முதுகில் டேப், காலி அறைகளின் சுவர்களில் பசைப் புள்ளி. ஃபோம் வைத்து உயர்த்த ஆசை வரும். காலி அறைகளின் மூன்று மி.மீ. சுவர் அந்தரத்தில் நின்றால் பக்கத்தை உறையில் செருகும்போது மாட்டிக் கிழியும்.

ஃபோம் படத்துக்கு. படத்தை வெள்ளைத் தாளில் ஒட்டி, அதைச் சிவப்பில் ஒட்டுங்கள். ஒவ்வொன்றிலும் சுற்றிலும் ⅛ அங்குலம் தெரியும். தேனடைச் சுவரின் அகலமும் அதுவேதான், அந்த ஒற்றுமை கண்ணுக்கு இதமாக இருக்கும். முதுகில் ஃபோம் டேப் வைக்கும்போது தேனடை மேல் விழும் இட ஓரத்தை விட்டுவிடுங்கள். அங்கே தேனடையே தாங்கும். அங்கும் ஃபோம் வைத்தால் படம் ஒருபக்கம் தூக்கி நிற்கும்.

பசை என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது: எழுத்தாளர் மார்க் ட்வைன் 1873-இல் தானே ஒட்டிக்கொள்ளும் ஸ்கிராப்புக்குக்குக் காப்புரிமை வாங்கினார். பக்கத்தில் முன்கூட்டியே பசை தடவியிருக்கும், ஈரப்படுத்தி ஒட்ட வேண்டியதுதான். பசைத் தொல்லை அவ்வளவு பழையது. செலோ டேப்பை மட்டும் எங்கும் தொடாதீர்கள். சில ஆண்டுகளில் மஞ்சளாகி, பசை படத்துக்குள் இறங்கும்.

தமிழில் தலைப்பு

எழுத்து ஸ்டிக்கர்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் கிடைக்கின்றன. அதனால் தலைப்பும் ஆங்கிலத்துக்குப் போய்விடுகிறது. கட்டிங் மெஷின் இருக்கும்போது அதற்குத் தேவையே இல்லை. இந்தப் பக்கத்துக்கு “அலையும் நானும்” என்று வைக்கலாம், இரண்டு வரிகளில்.

தடித்த, முனை உருண்ட எழுத்துரு வேண்டும். கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாகக் கிடைக்கும் பலூ தம்பி 2 இதற்கு அருமையாகப் பொருந்தும். மெல்லிய கோடு உள்ள எழுத்துரு வெட்டும்போது சுழிகளில் கிழியும். மெஷினின் மென்பொருளில் நேராகத் தமிழில் தட்டினால் சில சமயம் லை-யின் கொம்பு இடம் மாறி நிற்கும். இங்க்ஸ்கேப்பில் தட்டி, சரியாக வந்ததைப் பார்த்து, பாதையாக மாற்றி அனுப்புங்கள். அதன்பின் எழுத்து வெறும் வடிவம்தான், எந்த மென்பொருளும் குலைக்காது. ஒவ்வொரு வரியும் 4½ அங்குல அகலம் இருக்கட்டும்.

தமிழுக்கே உரிய சிக்கல் புள்ளி. ம் மேலுள்ள புள்ளி தனித் துண்டாக விழும், மேட்டிலேயே தொலையும். நா-வின் காலும் தனியாகவே வரும். இதற்கு வழி, எழுத்துகளைச் சுற்றி 2 மி.மீ. ஆஃப்செட் (எழுத்துக்கு வெளியே தள்ளி ஓடும் கோடு) கொடுத்து நிழல் தாள் ஒன்றை வெட்டுவது. அந்த அகலத்தில் எழுத்து, கால், புள்ளி எல்லாம் ஒரே நிழலாக இணைந்துவிடும். நிழலில் எழுத்துகளை ஒட்டினால் வரியும் நேராக நிற்கும். புள்ளியைத் தாளில் வெட்டவே வேண்டாம். அந்த இடத்தில் சிவப்பு எனாமல் டாட் ஒன்றை வையுங்கள். இரண்டு ம்-களுக்கும் இரண்டு சிவப்புப் புள்ளிகள், கவுனின் சிவப்போடு பேசும். ஆங்கிலத் தலைப்புக்குக் கிடைக்காத அழகு இது.

அலங்காரம்

மூன்று கொத்துகள் போதும்: படத்தின் மேல் இடமூலையில் பெரியது, கீழ் வலமூலையில் நடுத்தரம், தேனடையின் கீழ்க்கோடிக் காலி அறையில் சிறியது. மூன்றையும் கோடிழுத்தால் ஒரு முக்கோணம் வரும். பெரிய கொத்துக்கு அடியில் மெல்லிய இலைகள், அதன்மேல் வாஷி டேப் கிழிசல், அதன்மேல் சிப்பி அல்லது நட்சத்திர மீன் உருவம் ஃபோமில், ஓரத்தில் பஃபி ஸ்டிக்கர், கடைசியாக மூன்று டாட்கள். குழந்தையின் முகத்துக்கோ கைக்கோ மேல் எதுவும் ஏற விடாதீர்கள்.

எல்லாம் சேர்த்து உயரம் 4 மி.மீ. தாண்ட வேண்டாம். ஆல்பத்தை மூடும்போது எதிர்ப்பக்கத்தில் அதன் தடம் பதியும். இரும்பு பொத்தான், கூழாங்கல் போன்ற கனமானவற்றை இதில் சேர்க்காமல் இருப்பதே நல்லது.

எழுத்து

தலைப்புக்குக் கீழே சுமார் ஓர் அங்குல உயரம் மிஞ்சும். மூன்று வரி எழுதலாம். பால்பாயின்ட் பேனாவின் மை நாளடைவில் மங்கும், பரவும். மைக்ரான் போன்ற நிறமி மைப் பேனாவில் 03 அல்லது 05 முனை சரி. பென்சில் கோடு போட்டு எழுதி, மை முழுதும் காய்ந்த பின் அழியுங்கள். எந்தக் கடற்கரை, குழந்தைக்கு அப்போது என்ன வயது, மண்வீட்டுக்கு என்ன பெயர் வைத்தாள் என்பதை எழுதுங்கள். “இனிய நினைவுகள்” என்று எழுதினால் இருபது ஆண்டு கழித்துப் படிப்பவருக்கு அதில் ஒன்றும் கிடைக்காது.

இடம் போதவில்லை என்றால் எடுத்து வைத்த வெள்ளை அறுகோணங்களில் ஒன்றில் தேதியை எழுதி ஒரு காலி அறைக்குள் ஒட்டுங்கள். அந்த அறையிலிருந்தே விழுந்த துண்டு என்பதால் அச்சாகப் பொருந்தும்.

ஓர் இரவு முழுக்கக் காய விட்டு, மறுநாள் பக்கத்தைச் சாய்த்துத் தட்டிப் பாருங்கள். எது ஆடுகிறதோ அதற்கு இன்னொரு பசைப் புள்ளி. பிறகு பிவிசி கலக்காத உறையில் செருகுங்கள். செருகும்போது படத்தின் பக்கத்தை முன்னால் விடாமல், தட்டையாக ஒட்டிய தேனடைப் பக்கத்தை முதலில் நுழையுங்கள்.